கைவேலைப் பொருளை ஒன்லைனில் விற்க என்னென்ன பதிவு வேண்டும்? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு துணிப்பையும் மணிமாலையும் செய்து விற்கிறவள். கண்காட்சி ஸ்டோலில் நின்றாலும், கோயில் வீதியில் எதிர்ப்பட்டாலும், ஆட்கள் என்னைப் பிடித்து வைத்துக் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். வொய்ஸ் மெசேஜில் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வரண்டுபோனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதில் வருகிற அலுவலகங்களில் பாதிக்கு மேல் வரிசையில் நின்றவள். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றைக் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, ஒன்லைன்ல விக்கிறதுக்கு ஏதும் லைசன்ஸ் எடுக்கோணுமா? எங்க எடுக்கிறது?

"ஒன்லைன் லைசன்ஸ்" என்று ஒன்று இலங்கையில் இல்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றை எடுத்துத் தருவதாகச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். பேஸ்புக்கில் விற்றாலும், பெட்டாவில் நடைபாதையில் விற்றாலும் சட்டத்துக்கு அது வியாபாரம்தான்.

சட்டம் வேறு விடயங்களைப் பார்க்கிறது. என்ன பெயரில் விற்கிறீர்கள் என்பது பிரதேச செயலகத்தின் வேலை. எந்த இடத்தில் வைத்துச் செய்கிறீர்கள் என்பது மாநகர சபையின் வேலை. வருகிற காசு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குரியது. என்ன பொருள் என்பதுதான் உண்மையில் சிக்கலான பகுதி. துணிப்பைக்கு ஒன்றுமே தேவைப்படாது, மூலிகை எண்ணெய்க்கு ஒரு திணைக்களமே காத்திருக்கும். ஆகவே முதலில் "எங்கே விற்கிறேன்" என்பதை மறந்துவிட்டு "என்ன செய்கிறேன்" என்பதில் இருந்து தொடங்குங்கள்.

நான் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் இன்ஸ்டாவிலயும் மட்டும்தான் போடுறன். மாசம் நாலஞ்சு ஓடர். இதுக்கும் பி.ஆர். வேணுமா?

பி.ஆர். என்பது வியாபாரப் பெயர்ப் பதிவு. அதற்கு எத்தனை ஓடர் என்பது கணக்கே இல்லை, பெயர்தான் கணக்கு. 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற விதி இது. உங்கள் சொந்த முழுப்பெயரில், வேறு சொல் எதுவும் சேர்க்காமல் விற்றால் பதிவு தேவையில்லை. அதோடு "கிரியேஷன்ஸ்", "கலைக்கூடம்" என்று ஒரு வால் ஒட்டினாலோ, முற்றிலும் வேறு பெயர் வைத்தாலோ அது வியாபாரப் பெயர் ஆகிவிடும், பதிய வேண்டும்.

நாலு ஓடரோடு இருக்கிறவர்களைத் தேடி யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனாலும் பெயர் வைத்த அன்றே பதிவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். வங்கி, பேமண்ட் கேட்வே, பெரிய கடைக்காரர் என்று யாரிடம் போனாலும் முதலில் "பி.ஆர். இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ஓடர் குவிகிற டிசம்பரில் அதற்காக அலைய நேரமிருக்காது.

பி.ஆர். எடுக்க எங்க போறது? கிராம சேவகர் கடிதம் கட்டாயமா?

வியாபாரம் நடக்கும் முகவரி எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறதோ அங்கே. கொழும்பு மாநகருக்குள் இரண்டு இருக்கின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிக்காரர்கள் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். தெஹிவளைக்குத் தனியாக ஒன்று உண்டு. வெள்ளவத்தைப் பாலத்தைத் தாண்டி நூறு மீற்றரில் வீடு இருந்தாலும் அது தெஹிவளைதான். என் ஒன்றுவிட்ட தங்கை இது தெரியாமல் ஒரு நாள் லீவைத் தொலைத்தாள்.

விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, அந்த இடத்துக்கான அத்தாட்சி, கிராம சேவகரின் அறிக்கை ஆகியவைதான் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இடத்துக்கான அத்தாட்சி என்றால் சொந்த வீட்டுக்கு உறுதி, வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம். கிராம சேவகர் அறிக்கையைத் தவிர்க்க முடியாது. அவர் எந்தெந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வாசலில் எழுதிப் போட்டிருக்கிற நேரத்தை மட்டும் நம்பிப் போனால் இரண்டு தடவை போக வேண்டி வரும்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் நிரப்பத் தெரியாமல் வாசலில் நிற்கிறவருக்குக் காசு கொடுத்து எழுதுவித்து, வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் பிழையாக எதையோ எழுதிக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தைச் சற்று அகலமாக எழுதுங்கள். "மணிமாலை விற்பனை" என்று போட்டால் நாளைக்குப் பை விற்கத் தொடங்கும்போது திருத்தத்துக்கு மறுபடி போக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை செய்கிற இடத்தில் மாட்டி வையுங்கள். முகவரியோ உரிமையாளரோ மாறினால் அறிவிக்கவும் வேண்டும்.

வாடகை வீடு. வீட்டுக்கார அங்கிள் கையெழுத்து வைக்க மாட்டேங்கிறார். என்ன செய்றது?

அவருக்குப் பயம். பி.ஆர். எடுத்தால் நீங்கள் வீட்டை விட்டுப் போக மாட்டீர்கள் என்றோ, வீட்டுக்கு வியாபார வரி வந்துவிடும் என்றோ யாரோ சொல்லியிருப்பார்கள். "இந்த முகவரி பதிவுக்காக மட்டும், இதனால் வாடகை உரிமையில் மாற்றம் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி நீங்களும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். பலர் அதோடு இறங்கி வருவார்கள்.

அப்படியும் முடியாவிட்டால் அம்மா வீடு, மாமா வீடு என்று உங்களுக்கு உரிமையோடு கடிதம் தரக்கூடிய ஒருவரின் முகவரியில் பதியலாம். ஆனால் வேலை உண்மையிலேயே அங்கே நடக்க வேண்டும், குறைந்தது சரக்காவது அங்கே இருக்க வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் முகாமைத்துவக் குழுவின் விதிகளையும் ஒருமுறை வாசியுங்கள். கூரியர் பையன்கள் லிஃப்டில் ஏறி இறங்குவதுதான் சண்டைக்கு முதல் காரணம்.

மாநகர சபைக்கும் காசு கட்டணுமா? எனக்குத்தான் கடையே இல்லையே!

பி.ஆர். பெயருக்கு, மாநகர சபையின் உரிமமும் வரியும் இடத்துக்கும் தொழிலுக்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றில்லை. பி.ஆர். ஒரு தடவை எடுப்பது, இது வருடா வருடம் வருவது. உணவு தயாரிப்பு போலச் சுகாதாரம் சம்பந்தப்பட்ட தொழில்களுக்கு உரிமமே தேவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார்.

வீட்டு மேசையில் மணி கோர்க்கிறவர்களை இது பெரும்பாலும் தொடுவதில்லை. முன்னறையைக் கடையாக்கி, வாசலில் பலகை மாட்டி, ஆட்கள் வந்து போகத் தொடங்கினால் டவுன் ஹோலில் உள்ள கொழும்பு மாநகர சபைக்குப் போய்க் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. விளம்பரப் பலகைக்கும் அனுமதி உண்டு. தெஹிவளை, கல்கிசைக்காரர்களுக்குத் தனி மாநகர சபை இருப்பதால் டவுன் ஹோலில் நின்று பயனில்லை.

பி.ஆர். எடுத்திட்டா அந்தப் பேர் எனக்கே சொந்தம்தானே?

இல்லை. நான் சூடு கண்ட இடம் இது. அழகான ஒரு பெயரைப் பதிந்து ஐந்நூறு ஸ்டிக்கர் அடித்த பிறகு, அதே பெயரில் வேறொருவர் வர்த்தகக் குறி வைத்திருப்பது தெரியவந்தது. பெயரை மாற்றினேன். மிச்ச ஸ்டிக்கர்களைப் பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஒட்டி விளையாடினார்கள்.

பி.ஆர். என்பது இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்று ஊருக்குச் சொல்வதற்குத்தான். பெயரை உங்களுடையதாக்குவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கும் வர்த்தகக் குறி. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் இருக்கிறது. கம்பனிப் பதிவாளரும் அதே கட்டடம்தான். குறி 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடக்கத்திலேயே அவ்வளவு செலவு வேண்டாம். ஆனால் ஸ்டிக்கர் அடிக்க முதல் அந்தப் பெயரில் வேறு குறி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நானும் பிரெண்டும் பாதி பாதி போட்டுச் செய்யப்போறம். கம்பனி தொடங்கினா நல்லமா?

தொடக்கத்தில் வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரே ஒருவர்கூடப் பிரைவேட் லிமிட்டெட் தொடங்கலாம். கடன் வந்தாலும் வீட்டுச் சொத்துக்குப் போகாது என்பது அதன் நன்மை. ஆனால் கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும், வருடாந்த அறிக்கை கொடுக்க வேண்டும், கணக்காளர் வேண்டும். விற்கிறதே பத்துக் காதணி என்றால் இந்தச் செலவு தின்றுவிடும்.

பங்குடைமையாகப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம், வழி மேலே சொன்ன அதே வழிதான். ஒரு விடயத்தை மட்டும் விடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டிய பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் காலத்து 1,000 ரூபா பெரிய காசு, இப்போது ஒரு பொதி மணிக்கே காணாது. அதாவது நடைமுறையில் எல்லாக் கூட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சிநேகிதிதானே என்று வாய்ப்பேச்சில் விட்டால் பிரியும்போது நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. இன்ஸ்டா பக்கத்தின் பாஸ்வேர்ட் யாருக்கு என்பதையும் அதில் எழுதுங்கள். நான் பார்த்த பிரிவுகளில் பணத்தை விட அதற்குத்தான் அதிகம் அடிபட்டார்கள்.

வீட்டில செய்த சோப், தலைமுடி எண்ணெய் விக்கலாமா? நூறு வீதம் இயற்கைதான், ஒரு கெமிக்கலும் இல்லை.

"இயற்கை" என்ற சொல் எந்த அலுவலகத்திலும் விலக்குத் தராது. இங்கே உங்களைக் காப்பாற்றுவதும் மாட்டிவைப்பதும் லேபிளில் எழுதுகிற வாசகம்தான்.

ஒரே எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். "தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்தி சேர்த்த கூந்தல் எண்ணெய்" என்று எழுதினால் அது பூசுகிற பொருள். "பொடுகைக் குணமாக்கும், வழுக்கையில் முடி முளைக்கும்" என்று எழுதிய நிமிடமே மருந்தின் பக்கம் காலை வைத்துவிட்டீர்கள். நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று சொல்லி விற்கும் பொருளை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பார்க்கிறது. மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் நடுவில் நிற்பவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. பாட்டியின் கைமருந்து முறையில் காய்ச்சி "ஆயுர்வேத", "சித்த" என்று பெயர் வைத்தால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வரும். அதற்கு மஹரகம, நாவின்னவில் உள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தில் அனுமதி பெற வேண்டும். பேஸ்புக் பதிவில் எழுதுவதும் லேபிளில் எழுதுவதும் ஒன்றுதான். வாடிக்கையாளர் போட்ட "என் சொறி மாறிவிட்டது" என்ற கொமெண்டை நீங்களே எடுத்து விளம்பரமாகப் போட்டாலும் அது உங்கள் வாசகம்தான்.

சோப்புக்கு இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனத்தின் தரங்கள் இருக்கின்றன. குழந்தைச் சோப்புக்கு எஸ்.எல்.எஸ். 547 என்று தனித் தரம் உண்டு. அதனால் "பேபி சோப்" என்ற சொல்லைச் சும்மா அழகுக்குப் போடாதீர்கள். சேர்க்கும் பொருள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி எண், உங்கள் முகவரி எல்லாம் லேபிளில் இருக்கட்டும். யாருக்காவது தோல் தடித்தால் எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்க உங்களுக்கே அது தேவைப்படும்.

அப்ப மோர்மிளகாய், வடகம், ஊறுகாய்?

இது உணவு, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும். லேபிளில் மேலே சோப்புக்குச் சொன்ன அத்தனையும் ஆசைக்காக அல்ல, கட்டாயம். செய்யும் இடத்தைப் பற்றி மாநகர சபைக் கேள்வியில் சொன்னதைப் பாருங்கள். பரிசோதகரை எதிரியாக நினைக்க வேண்டாம், விற்கத் தொடங்க முதலே போய்க் கேட்டால் சமையலறையில் எதை மாற்ற வேண்டும் என்று அவரே சொல்லித் தருவார்.

பற்றிக் செய்றன், சாயத் தண்ணியைக் கானுக்குள்ள ஊத்துறன். பிரச்சினை வருமா?

வரும். சாயமிடும் தொழில், பற்றிக் உட்பட, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்குள் வருகிறது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்று முடிவாகும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ உங்கள் மாநகர சபையிலோ கேளுங்கள். அனுமதிப்பத்திரத்தை விட அயலவரின் முறைப்பாடுதான் முதலில் வரும்.

மிக்கி மவுஸ் பொம்மை நானே கையால பின்னினது. நான் செய்தது எனக்குத்தானே சொந்தம்?

உழைப்பு உங்களுடையது, எலி உங்களுடையதல்ல. பிரபலமான கதாபாத்திரங்களைப் பின்னி விற்பது பதிப்புரிமையிலும் வர்த்தகக் குறியிலும் கை வைப்பதாகும். "எல்லாரும் செய்றாங்களே" என்பது உண்மை, ஆனால் பதிலாகாது. வெளிநாட்டுத் தளத்தில் போட்டால் ஒரு முறைப்பாட்டோடு கடையே மூடப்படும்.

இதோடு இன்னொன்று, ஆடை வரைகிறவர்களுக்கு. மதச் சின்னங்களில் இருமடங்கு கவனம் வேண்டும். 2019 மே மாதம் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட ஆடையை அணிந்த ஒரு பெண், அது தர்மச் சக்கரம் என்று கருதப்பட்டுக் கைதானார். வரைந்தவருக்குக் கடல் ஞாபகம் வந்திருக்கும், பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. புத்தர் உருவத்தைச் சேலையிலோ பையிலோ போடவே வேண்டாம்.

சிப்பி, பவளம், கருங்காலி எல்லாம் வச்சு நகை செய்யலாமா?

யானைத் தந்தம், ஆமை ஓடு, பவளப் பாறை மூன்றையும் தொடாதீர்கள். அம்மம்மாவின் பெட்டியில் இருந்ததாக இருந்தாலும் விற்பனைக்கு வைக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பொல்லாதது. மரத்துக்கு வாங்கிய இடத்தின் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வெளிநாடு அனுப்பும்போது கருங்காலி, முதிரை போன்றவற்றைப் பற்றிச் சுங்கம் கேட்கும்.

கண்ணாடி மணிக்கும் பிளாஸ்டிக் கல்லுக்கும் ஒன்றும் தேவையில்லை. உண்மையான நீலக்கல், சந்திரகாந்தக் கல் என்று வாங்கி விற்கத் தொடங்கினால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும்.

டின் நம்பர் எடுத்தா டெக்ஸ் கட்ட வேண்டி வருமே! எடுக்காமலே இருந்தா என்ன?

டின் நம்பர் என்பது வரி இல்லை, வரிக் கோப்பின் இலக்கம் மட்டும். 2024 முதல் 18 வயது நிறைந்த எல்லோரும் அதை எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது, வியாபாரம் செய்தாலும் செய்யாவிட்டாலும். ஆகவே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வரி வருவது வருமானம் எல்லையைத் தாண்டினால்தான். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவரின் வருடாந்த வரிவிலக்கு 18 இலட்சம் ரூபா. இது விற்பனைத் தொகையல்ல, மூலப்பொருள், கூரியர், பெட்டி என்று செலவெல்லாம் கழித்த இலாபம். ஒருவரின் இலாபம் 20 இலட்சம், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விலக்குப் போக 2 இலட்சம் மிஞ்சும். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் கட்ட வேண்டியது 12,000 ரூபா. இதற்குப் பயந்தா பெயரை ஒளிக்கிறீர்கள்? ஆனால் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தையும் இலாபத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 18 இலட்சம் ஒரு தடவைதான் கழியும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும், அறிக்கை நவம்பர் 30க்குள். வற் வரி நமக்கு வெகுதூரம். 2024 ஜனவரியில் அதன் எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபா விற்பனை என்று வைக்கப்பட்டது, 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். எப்படியானாலும் காதணி விற்று அங்கே போகிறவர் எனக்கும் ஒரு வேலை தரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு சிஆர் கொப்பியில் வரவும் செலவும் எழுதுவதுதான், இன்றையில் இருந்து.

காசு என்ட சேவிங்ஸ் எக்கவுண்டுக்கே வருது. பரவாயில்லையா? பேபால் போடலாமா?

சிறிய தொகைக்கு நடக்கும். ஆனால் நாள்தோறும் தெரியாதவர்களிடம் இருந்து காசு விழத் தொடங்கினால் வங்கி கேட்கும், அது அவர்களின் கடமை. பி.ஆர். கொடுத்து வியாபாரக் கணக்குத் திறந்தால் லங்கா கியூஆர், பேஹியர் போன்ற காசு வாங்கும் வசதிகளும் சேர்ந்து வரும், வீட்டுக் காசும் வியாபாரக் காசும் கலக்காது.

பேபாலால் இலங்கையில் இருந்து பணம் கட்டலாம், இலங்கைக் கணக்குக்கு வாங்க முடியாது. அதனால் வெளிநாட்டுத் தளம் எதிலும் கடை திறக்க முதல், இலங்கை விற்பனையாளருக்கு அவர்கள் எந்த வழியில் பணம் அனுப்புவார்கள் என்று பாருங்கள். நாற்பது படம் எடுத்துப் போட்ட பிறகு பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று போட்டா போதும்தானே?

பொருள் நீங்கள் சொன்னபடி இருந்து, வாங்கியவருக்கு மனம் மாறினால் மட்டும் அந்த வரி கொஞ்சம் உதவும். பருத்தி என்று சொல்லிப் பொலியெஸ்டர் அனுப்பினால், கொளுவி கழன்ற காதணியை அனுப்பினால் உதவாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பிழையான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. வாங்கியவர் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், 1977க்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். திகதி, பொருள், எண்ணிக்கை, விலை இருந்தால் போதும்.

"விலைக்கு இன்பொக்ஸ்" என்று போடுகிற பழக்கத்தை விடுங்கள். விலையைப் படத்தோடு போடுகிறவரிடம்தான் நான் வாங்குகிறேன், மற்றவர்களும் அப்படித்தான்.

சிஓடில (பொருள் கைக்குக் கிடைக்கும்போது காசு) அனுப்பினா ஆக்கள் எடுக்காம விடுறாங்க. வட்ஸ்அப்ல ஓடர் பண்ணினதுக்குச் சட்டத்தில மதிப்பிருக்கா?

இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்வழிச் செய்தியில் செய்த ஒப்பந்தம் தாளில் இல்லை என்பதற்காக மட்டும் செல்லாமல் போகாது. ஆனால் 1,800 ரூபா பைக்காக வழக்குப் போடப் போகிறீர்களா? பெயர் பின்னியது, அளவெடுத்துத் தைத்தது போன்றவற்றுக்குப் பாதிப் பணம் முற்பணமாக வாங்குங்கள். அதை முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அதே நேரம் வாடிக்கையாளரின் முகவரி தெரிகிற ஸ்கிரீன்ஷொட்டைப் பக்கத்தில் போட்டு அவரை அவமானப்படுத்தவும் வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

நான் அரசாங்க டீச்சர். மகளுக்கு 16 வயசு, அவள்தான் செய்றாள். ஆர்ட பேர்ல எடுக்கிறது?

மகளின் பெயரில் முடியாது, 18 வயது நிறைய வேண்டும். அரச ஊழியர் வெளியில் வருமானம் தேட முன் அனுமதி வேண்டும், அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் கணவரோ அம்மாவோ இருந்தால் அவர்கள் பெயரில் எடுப்பதுதான் சுலபம். யார் பெயரோ அவரின் வருமானமாகத்தான் இறைவரி பார்க்கும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

பக்கத்து வீட்டு அன்ரி எனக்குப் பை தைச்சுத் தாறா, ஒரு பைக்கு இவ்வளவு எண்டு குடுக்கிறன். அவ வேலையாள் இல்லைதானே?

கேட்கிறவர்கள் எல்லாம் "இல்லை" என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி. பதில் அவ்வளவு நேராக இல்லை. அன்ரி தன் மெஷினில், தன் நேரத்தில், உங்களுக்கும் வேறு நாலு பேருக்கும் தைத்துக் கொடுத்தால் அவர் தனியாகத் தொழில் செய்கிறவர். உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மெஷினில், நீங்கள் சொன்ன நேரத்தில் தைத்தால் அவர் ஊழியர். துண்டுக் கணக்கில் கூலி கொடுப்பதால் அது மாறாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் துண்டு வேலைக்கும் தற்காலிக வேலைக்கும் பொருந்தும், ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும். குடும்பத்தவர் மட்டும் வேலை செய்தால் விலக்கு உண்டு.

கணக்கு இதுதான். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பீர்கள், உங்கள் கையால் 12 வீதம் போடுவீர்கள், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 2026 ஜனவரியில் இருந்து தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு மேலதிகமாக உங்கள் கையில் இருந்து போவது 4,500 ரூபா. பையின் விலையைப் போடும்போதே இதைச் சேர்த்துப் போடுங்கள். வருடங்கள் கழித்து அன்ரி தொழில் திணைக்களத்துக்குப் போனால் நிலுவையோடு மேலதிகக் கட்டணமும் வரும். அவர் போனால் அதில் பிழையும் இல்லை.

தம்பி லண்டன் போறான், அவன்ட பெட்டியில முப்பது மாலை வைச்சு விடலாமா? அங்க ஆக்கள் ஓடர் தந்திருக்கினம்.

சித்தப்பாவுக்கு ஒரு மாலை என்றால் அது பரிசு. ஓடர் எடுத்த முப்பது மாலை என்றால் அது வணிகச் சரக்கு, தம்பி ஹீத்ரோவில் அதைச் சொல்லித்தான் போக வேண்டும். "பிரெண்ட்ஸுக்குக் கொண்டு போறன்" என்று அவன் சொல்ல, பைக்குள் விலைச்சீட்டு இருந்தால் மாட்டுவது அவன்தான், நீங்கள் அல்ல.

தபாலில் அனுப்பினால் சுங்கப் படிவத்தில் பொருளையும் உண்மை விலையையும் எழுதுங்கள். "கிஃப்ட்" என்று எழுதுவது பொய்ப் பிரகடனம். பிரித்தானியாவுக்கு 135 பவுணுக்கு உட்பட்ட பொதியின் வற் வரியை விற்கிறவரே வசூலித்துக் கட்ட வேண்டும், பெரிய தளங்கள் வழியாக விற்றால் தளமே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 800 டொலர் வரை இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை, இப்போது சின்னப் பொதிக்கும் தீர்வை விழும். பிரான்ஸ், ஜேர்மனிப் பக்கம் விற்பவர்களுக்கு 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொருள் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் பொதியில் இருக்க வேண்டும். பாரிஸ் லாச்சப்பலில் மாமா இருக்கிறார் என்றால் அந்தப் பொறுப்பு என்னவென்று அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் பெயரைப் போடுங்கள்.

ஒழுங்கான ஏற்றுமதியாகவே செய்யப் போகிறீர்கள் என்றால் டின் நம்பரோடு சுங்கத்தில் பதிய வேண்டும், வருகிற வெளிநாட்டுப் பணத்தைக் குறித்த காலத்துக்குள் இலங்கை வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்பு 2, நவம் மாவத்தையில் இருக்கிற ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் போய் உட்கார்ந்து கேட்டால் நாட்டுக்கு நாடு என்ன தேவை என்று சொல்வார்கள். பத்தரமுல்லையில் உள்ள தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகவும் பதிந்துகொள்ளுங்கள், கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் அந்த வழியாகத்தான் கூப்பிடுவார்கள்.